முதலாளி வீட்டுக் கூடத்தில் முளைத்த மரம்

டிசம்பர் பிறந்ததும் மரக்கடை முதலாளி வீட்டுக் கூடத்தில், தரை ஓடுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரு பைன் மரம் முளைத்தது. காலையில் கணுக்கால் உயரம் இருந்தது, விளக்கேற்றும் நேரத்தில் கூரையைத் தொட்டுவிட்டது. அதே வாரம் ஆணி விலை ஏறியிருந்ததால் ஊரில் ஆணியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்த வருடம்தான் முதலாளியின் மரவெட்டி செத்துப்போயிருந்தான். பெருங்காற்று அடித்த நாளில் இதே கூடத்தின் வாசலில் நின்று, "காத்து அடிக்குது முதலாளி, நாளைக்கு வெட்டுறேன்" என்றான். "இன்னைக்கு ஏறலைன்னா இனிமே வேலைக்கே வராத" என்றார் முதலாளி. ஏறினான், விழுந்தான். குடித்துவிட்டு ஏறினான் என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். இருமல் மருந்தையே முகம் சுளித்துக் குடிக்கிற மனுஷன் அவன். பெரிய இடத்துப் பேச்சு என்று ஊரும் வெட்கமில்லாமல் தலையாட்டியது. நடந்ததைக் கேட்ட ஒரே ஆள் அன்று கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி. அவள் யாரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை. அவன் விழுந்த பைன் மரத்தின் காய் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்துத் தரை ஓட்டு இடுக்கில் செருகினாள். அதன் மேலேயே ஈரத்துணியைப் போட்டுத் துடைத்தாள். வேலையை மட்டும் விடவில்லை.

மரத்தை வெட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அதே உயரத்துக்கு நின்றது, வெட்டிய இடமெல்லாம் சிவப்பாகக் கசிந்தது. முதலாளியம்மா கெட்டிக்காரி. கசிந்த இடங்களில் சிவப்புக் கண்ணாடி உருண்டைகளைக் கட்டி மறைத்தாள். மரத்தடியில் மரவெட்டியின் பூட்ஸ் சேறும் ஈரமுமாக வந்து நின்றது. ஆற்றில் எறிந்தாலும் விடிவதற்குள் திரும்பி வந்தது. அதைப் பெட்டியில் போட்டு வண்ணக் காகிதம் சுற்றினாள். ஒரு பெட்டி மட்டும் இருந்தால் சந்தேகம் வரும் என்று சுற்றிலும் பெட்டிகளை அடுக்கினாள். கடைசியில் மரம் செத்தவனின் குரலில் பேச ஆரம்பித்தது: "காத்து அடிக்குது முதலாளி." கிளைக்குக் கிளை மணி கட்டியும் அது அடங்கவில்லை. சொந்தக்காரர்களை வரவழைத்து, பாலன் பிறந்த பாட்டைத் தொண்டை கிழியப் பாட வைத்தாள்.

வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். "கிறிஸ்துமஸுக்குன்னு இவ்வளவு அழகா யோசிச்சிருக்கீங்களே!" என்று பக்கத்து வீட்டுக்காரி பொறாமையில் வெந்தாள். அடுத்த வருடம் வீட்டுக்கு வீடு மலையிலிருந்து மரம் வந்தது, உருண்டையும் மணியும் பெட்டியும் வந்தன. புருஷன் ரத்தத்தை ஊரே அலங்காரமாகக் கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்து மரவெட்டியின் மனைவிக்கு வயிறு எரிந்தது. ஆனால் அத்தனையும் அவன் விழுந்த அதே மலையின் மரங்கள். பாட்டு ஓயும் இடைவெளியில் எல்லா வீட்டிலும் அதே குரல் வந்தது. முதலாளி எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜன்னலுக்கு ஜன்னல் காற்று அடித்தது.

ஒரு கிறிஸ்துமஸ் காலையில், தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த அவளிடம் வந்து முணுமுணுத்தார்: "அவன் குடிக்கலம்மா. நான்தான் ஏத்திவிட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை. "சரியா கேக்கலையே முதலாளி."

அடுத்த வருடம் சொந்தக்காரர்கள் முன்னால், பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லையாம் என்றாள். அதற்கடுத்த வருடம் தெருவில் நின்று கத்தினார். கோடித் தெருவுக்கு எட்டவில்லை என்றாள். அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொல்ல, அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். மரவெட்டி குடிகாரன் இல்லை என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்துபோனது. மரங்களில் அவன் குரல் நின்றுபோனது. அவள் நிறுத்தவில்லை. பாவம், போதும் என்று சொல்ல வந்தவர்களை, அவன் பேரைக் கெடுத்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். முதலாளி குரல் போய், அப்புறம் உயிரும் போனது. அவளும் மன்னிக்காமலே நிம்மதியாகச் செத்தாள்.

இப்போதும் இந்த ஊரில் கிறிஸ்துமஸ் பாட்டு முடிந்ததும், எந்த வீட்டு மரமானாலும் முதலாளியின் கம்மிய குரலில் "நான்தான் ஏத்திவிட்டேன்" என்கிறது. பிள்ளைகள் பெட்டிகள் மேல் கையை வைத்தபடியே ஒன்றாகக் கத்துகிறார்கள்: "கேக்கலையே!" மரம் இன்னொரு முறை சத்தமாகச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் பெட்டிகளைப் பிரிக்கிறார்கள்.