மலைக்குளிருக்குப் போட்ட கணக்கு

பெருமாயிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிமலையில் அவளுக்கு இருப்பதே ஒரு ஏக்கர். போன வருஷம் மரவள்ளியில் தேமல் நோய் விழுந்து இலையெல்லாம் சுருண்டு, கிழங்கு விரல் பருமனைத் தாண்டவில்லை. இந்தத் தடவையும் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். குழியெல்லாம் எடுத்து, மரவள்ளிக் குச்சியை நடக் குனிந்த நேரத்தில், முதல் பஸ்ஸில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்த சங்கவி, "அக்கா, நடாதீங்க!" என்று கத்தினால் எப்படி இருக்கும்?

"இன்னாம்மா, வெளையாட்றியா? நீ சொல்லித்தான களமருதூர்லேர்ந்து குச்சி ஏத்தியாந்தேன்!"

உண்மைதான். சங்கவி ஆராய்ச்சி மாணவி. கீழே சமவெளியில், அவள் ஊரான களமருதூரில் நோய் வந்தும் தானாகவே தேறிய செடிகளின் குச்சி அது. நோயைக் கொண்டுவரும் வைரஸ் அனுப்பும் கட்டளையில் ஒரு துண்டைச் செடி வெட்டி வைத்துக்கொள்ளுமாம். அதே கட்டளை மறுபடி வந்தால் அந்தத் துண்டு போய் ஒட்டிக்கொள்ள, கூடவே இருக்கும் புரதம் கத்தரிக்கோல் போல நறுக்கிப்போடுமாம். அந்தத் துண்டுக்குச் சிறு ஆர்.என்.ஏ. என்று பெயர். கண்ணுக்கே தெரியாத அந்தச் சண்டையைக் கம்ப்யூட்டரில் அணு அணுவாக ஓட்டிப் பார்த்துத்தான், குச்சி தாங்கும் என்று சொல்லியிருந்தாள்.

"தப்பு என்னுதுதான்க்கா," என்றாள் சங்கவி, மூச்சு வாங்க. "கம்ப்யூட்டர்ல எங்கூரு வெயிலையே குடுத்துட்டேன். நேத்துதான் இந்த மலைக்குளிரக் குடுத்து ஓட்னேன். துண்டு ஒட்டுது, ஆனா கத்தரிக்கோல் மூடவே மாட்டேங்குது. இங்க நட்டா நோவு திரும்பிடும்."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டத்தான் பெருமாயி நிமிர்ந்தாள். கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். நட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மறுபடி நோய் வந்திருந்தால் மழையைச் சொல்லியிருப்பாள், மண்ணைச் சொல்லியிருப்பாள், தன் தலையெழுத்தைச் சொல்லியிருப்பாள். இந்தப் பெண்ணைச் சொல்லியிருக்கவே மாட்டாள். அது தெரிந்தும் மலையேறி வந்து, தப்பு என்னுது என்று நிற்கிறாளே! அடேயப்பா, எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு?

"இப்ப சொல்றதும் தப்பா இருந்துச்சினா?"

சங்கவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இருக்கலாம்க்கா. பத்து குச்சி மட்டும் ஓரமா நட்டுப் பாக்கணும். நான் சொன்னது தப்புன்னா அப்பவும் வந்து சொல்லுவேன்."

பெருமாயி குச்சிக்கட்டிலிருந்து பத்தை உருவி அவள் கையில் திணித்தாள்.

"நீயே நடு. மீதி நெலத்துக்குச் சாமை வெதைச்சிக்கிறேன். கம்ப்யூட்டர் இன்னா சொல்லுதோ எனுக்குத் தெரியாது. உன்னை நம்பறேன்."