பட்டினி ஆகாத பிள்ளைகள்

1

இந்தக் கதை ஒரு பார்வையிலிருந்து வந்தது. குன்னூரில் ஒரு மருத்துவமனைக் கூட்டத்துக்குத் தமிழைத் திருத்திக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பரம்பரையாக வரும் வளர்சிதை மாற்றக் குறைபாடு ஒன்று. அது உள்ள குழந்தைகளை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மருத்துவர்களும் பெற்றோரும் சேர்ந்து ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இரண்டு அம்மாக்கள். ஒருத்தி மற்றவளின் குழந்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கூட எழுதுகிறவனின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்" என்று போனில் சொல்வேன்.

அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில் ஒரு தாய் தன்" — வேண்டாம். பனியில் தொடங்கினால் சுற்றுலா வந்தவன் எழுதியதாகிவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "ரேகாவுக்குப் பொறாமை." இது போதும்.

ரேகா நடுவட்டம் என்ற ஊரில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். மகன் கமலேஷுக்கு எட்டு வயது. நமக்கு ஒரு வேளைச் சோறு தவறினால் உடம்பு தான் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். அவன் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. வயிறு காய்ந்தால் மயக்கம், வலிப்பு. [மருத்துவர் இதை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். வெட்டிவிட்டேன்.] இன்ன நோய் என்று தெரிவதற்குள் ஒரு காய்ச்சலில் வலிப்பு வந்து, பேச்சும் புத்தியும் பின்தங்கிவிட்டன. இப்போதும் "அம்மா தண்ணி" என்பதற்கு மேல் வார்த்தை சேர்ந்து வராது.

கெஸியா குன்னூரில் டீச்சர். மகள் ஜெமிமாவுக்கும் அதே குறை, அதே வயது. ஆனால் அவளுக்கு வாய் ஓயாது. இந்தக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வரவேற்புரை சொன்னதே அவள்தான்.

3

இந்த இடத்தில் எனக்கு ரேகாவைப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் சொல்கிறேன்.

கெஸியாவின் மூத்த பையன் ஒரு வயது ஆகும் முன்பே இறந்துபோனான். அவன் இறந்த பிறகுதான் நோய் தெரிந்தது. அதனால்தான் ஜெமிமாவைப் பிறந்த வாரமே சோதித்துக் காப்பாற்ற முடிந்தது. ரேகாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் மனசுக்குள் சொல்கிறாள்: "அவளுக்கு ஒண்ணு போயி ஒண்ணு முழுசாக் கெடச்சுது. எனக்குப் போகவும் இல்ல, முழுசாவும் இல்ல."

இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்தா வயிறு எரிவது? மூன்றாவது தடவையும் அதே வரிதான் வந்தது. விட்டுவிட்டேன். அவள் அப்படித்தான்.

4

போன மாதம் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது கெஸியா அவளிடம் ஒன்றைச் சொன்னாள்.

"சர்ச்சுல ஜெமிமாவுக்காக உபவாச ஜெபம் வெச்சாங்க ரேகா. எல்லாரும் சாப்பிடாம இருந்தாங்க. இவளுக்கு மட்டும் டப்பால இட்லி குடுத்து சண்டே ஸ்கூல் ரூமுல உக்கார வெச்சேன். அத்தனையும் நாய்க்குப் போட்டுட்டா."

"ஏனுங்க டீச்சர், எதுக்கு?"

"'எல்லாரும் எனக்காகப் பட்டினி இருக்காங்க, நான் மட்டும் எப்படிம்மா திங்கறது'ன்னா. ஜெபம் முடியறதுக்குள்ள மயங்கிட்டா. வேற ஆஸ்பத்திரில டிரிப் போட்டுக் கூட்டிட்டு வந்தோம். நம்ம டாக்டருக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று ரேகா தலையாட்டினாள்.

(பக்கக் குறிப்பு: ரேகா வீட்டிலும் சஷ்டி விரதம் உண்டு. கமலேஷ் அதைக் கவனிக்கவே மாட்டான். தட்டு வைத்தால் சாப்பிடுவான். தனக்காக நாலு பேர் பட்டினி கிடக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிற ஒரு பிள்ளை! பஸ்ஸில் திரும்பும்போது ரேகாவுக்கு அந்த மயக்கத்தின் மேலும் பொறாமை வந்தது.)

5

கூட்டத்துக்கு வருவோம். டாக்டர் பரமசிவன் வரைவை வாசித்தார். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, வாந்தி நிற்காவிட்டால் எங்கே ஓடுவது, மண் சரிந்து ரோடு அடைபட்டால் பையில் என்ன இருக்க வேண்டும். எல்லாம் இருந்தது. விரதம் இல்லை.

"ஜெமிமாவைப் பாருங்க," என்றார். "ஒரு தடவைகூட மயக்கம் இல்ல, அட்மிஷன் இல்ல. டீச்சர் பாத்துக்கற மாதிரி பாத்துக்கிட்டாப் போதும். அட்டையில இந்தப் பொண்ணு போட்டோதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். கமலேஷும் தட்டினான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினான். ரேகா அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கெஸியா தலை நிமிரவில்லை.

"ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா?" என்று டாக்டர் எல்லாரையும் கேட்டார்.

ரேகா சொன்னால் எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கும். சொன்னால் கெஸியாவின் மானமும் போகும். இரண்டும் ஒரே வாக்கியம். எதற்காகச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்?

முடிவு அ: போட்டு உடைக்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எனக்கும் குளிர்ந்தது. பயந்து கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வாயை மூடிக்கொள்கிறாள். உத்தமி. அடுத்த நோன்பில் இத்தலார் கிராமத்தில் ஒரு குழந்தை — இதை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இ:

6

ரேகா எழுந்தாள்.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சுங்க. ஊட்டுல எல்லாரும் விரதம் இருந்தாலும் கொழந்தை திங்கோணுங்க. டப்பால குடுத்துப்போட்டு நம்ம சாமி கும்பிடப் போயிரக்கூடாது. பக்கத்துல உக்காந்து, முழுங்கற வரைக்கும் பாக்கோணும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "முக்கியமான விஷயங்க. யார் ஊட்டுலயாச்சும் இப்படி நடந்துச்சுங்களா?"

"எங்க ஊட்டுலதானுங்க" என்ற பதில் ரேகாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள்; நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். அப்படிச் சொன்னால், மற்றவர்கள் பட்டினியைப் பார்த்துத் தானும் பட்டினி கிடந்த அந்தப் பிள்ளை, ஒரு நிமிஷத்துக்கு அவளுடைய கமலேஷ் ஆகிவிடுவான். கவனக்குறைவான அம்மா என்று ஊரே பேசட்டும். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு வேண்டும்.

பெஞ்சின் அந்தக் கோடியில் கெஸியாவும் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் தன் பிள்ளையின் அன்பை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கிற முகமில்லை அது.

"எங்க ஊட்டுல," என்று ஒரு குரல் கேட்டது.

யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அந்த ஹாலில்தான் இருக்கிறீர்கள். கமலேஷ் மறுபடி கை தட்டத் தொடங்கிவிட்டான், யாரைப் பார்த்துத் தட்டுகிறான் என்று நீங்களே பாருங்கள்.