அகத்தியருக்குத் தெற்கே மூன்று லயங்கள்

நிக்கோபாரின் கட்சால் தீவில் சுனாமி கொண்டுபோன மூன்று லயங்களும் வானத்தில், அகத்திய நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே, விளக்கெரிய இருந்தன. வெறுங்கண்ணுக்கு அவை தெரியாது. கேம்பல் பே ஊருக்குப் பின்னால் குன்றின்மேல் நிறுவியிருந்த தொலைநோக்கி, மேகமில்லாத இரவுகளில் வானத்தின் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். ஓரிரவில் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மங்கலான புள்ளிகள் மூன்று வரிசையாக மேலே வரும். மேல் லயம், நடு லயம், கீழ் லயம். ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குச் சர்க்கார் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் தரையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கூடம் நின்ற இடத்தில் இடைவெளிகூடச் சரியாக இருந்தது. அங்கிருந்து கப்பலடையும் ஜெட்டிக்குப் போகும் பாதை மட்டும் இருட்டு. கடல் வந்தது காலை நேரத்தில். அப்போது எந்த வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கவில்லை. ஆகவே அதற்குப் பிறகு ஏற்றியவையாகத்தான் இருக்க வேண்டும்.

படங்களை அடுக்கியவள் கேத்தரின். கீழ் லயத்து பென்னியின் மனைவி. மாமியார் லூசிக்குக் கண் ஆபரேஷன் என்று போர்ட் பிளேருக்குத் துணைக்கு வந்திருந்ததால் மிஞ்சினாள். ஆபரேஷனுக்கு வந்ததால் லூசியும் மிஞ்சினாள். ரப்பர் பால் வெட்டுக்குப் போன பென்னி மிஞ்சவில்லை. உடல் கிடைக்கவில்லை. மருமகளும் மாமியாரும் நிவாரணக் கொட்டகையில் ஒரே பாயில் படுத்து, பிறகு போர்ட் பிளேருக்கு வெளியே சௌல்தாரியில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். கேத்தரின் கம்ப்யூட்டர் படித்தாள். ஆஸ்பத்திரியிலும் துறைமுகத்திலும் பதிவு வேலை பார்த்தாள். மெயின்லேண்டிலிருந்து ஒரு வானியல் நிறுவனம் வந்து தென்வானத்தை அளக்கத் தொடங்கியபோது அவர்களுடைய படங்களைச் சுத்தம் செய்யவும் சேமித்துவைக்கவும் ஆளானாள். சௌல்தாரியில் ஒரு பாக்குத் தோட்டத்துக்குப் பின்னால் வாடகை வீடு. உள்ளே இரண்டு ஏசி, ஒரு ஜெனரேட்டர், சுவர் முழுக்க டிஸ்க்குகள். கேம்பல் பேயிலிருந்து இன்டர்நெட்டில் அவ்வளவையும் அனுப்ப முடியாது. வாரத்துப் படங்கள் டிஸ்க்கில் ஏறி, கப்பலில் வரும். கடல் கொந்தளித்தால் வானமும் தாமதமாகும்.

வேலை காலையில் தொடங்கும். படத்திலிருந்து முதலில் கேமராவின் சொந்தச் சூட்டைக் கழிப்பாள், பிறகு கண்ணாடியில் படிந்த தூசியின் நிழலை. வாரத்துப் படங்களை ஒன்றாக அடுக்கும்போது ஒரே இடத்தில் நிற்காத எதுவும் தானாக அழிந்துபோகும். கடைசியாக ஆதார வானத்தைக் கழிக்க வேண்டும். ஆதார வானம் என்பது முதல் பருவத்தின் தெளிந்த இரவுகளைச் சேர்த்துச் செய்த ஒரே படம்; வானம் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. இன்றைய வானத்திலிருந்து அதைக் கழித்தால் மாறாமல் இருப்பவை எல்லாம் மறைந்து வெறும் சாம்பல் நிறம் மிஞ்சும். மாறியது மட்டும் புள்ளியாக நிற்கும். மெயின்லேண்டுக்கு வேண்டியது அந்தப் புள்ளி.

ஆதார வானத்தைச் செய்தவளும் கேத்தரின்தான். பழைய நட்சத்திர அட்டவணைகளில் இல்லாத வெளிச்சம் ஏதாவது தெரிந்தால், அதைக் கேமராவுக்குள் விழுந்த பிரதிபலிப்பாகக் கருதி மூடிவிட வேண்டும் என்பது விதி. மூன்று வரிசையைக் கண்டதும் அவள் மூடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லூசியை அழைத்துவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். லூசி ஆபரேஷன் செய்த கண்ணைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள்.

"இது நடு லயம்டி. இந்தா, ஊருக்கு மேல எரியுது பாரு, இது ஐயாவு வீடு. ஃபேக்டரி லைன்ல கொக்கி போட்டு எடுத்த கரண்டு. அவன் பொண்டாட்டி அங்க போயும் கொக்கி போட்டுட்டா."

"சும்மா இருங்க மாமி. நம்ம வீடு எது?"

"ஏன், குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா? கீழ் லயத்துல கடைசிக்கு முந்தினது." விரல் கண்ணாடியில் படாமல் நின்றது. "எரியுதுடி."

"இதெல்லாம் அழிக்கணும்னு ரூல் இருக்கு மாமி."

"வீட்டுல ஆள் இருக்கப்ப யாராச்சும் வெளக்க அணைப்பாங்களா? நீ என்ன படிச்ச?"

கேத்தரின் மூன்று லயங்களையும் நிலையான நட்சத்திரங்களாக ஆதார வானத்தில் விட்டுவைத்தாள். அந்த லயங்களில் வாழ்ந்த ஆட்களைத் தவிர வேறு யாரும் அப்படியொரு தவற்றைச் செய்திருக்க முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் லயங்கள் லயங்களிலிருந்தே கழிந்தன. அந்த இடம் சாம்பலாகவே இருந்தது.

சேதி கப்பலில் போனது. கட்சாலை விட்டு வெளியேறி ஹட் பேயிலும் கேம்பல் பேயிலும் போர்ட் பிளேர் ஓரங்களிலும் குடியேறியிருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கோ ரேஷன் கார்டு வேலைக்கோ வரும்போது சௌல்தாரிக்கும் ஒரு நடை வந்தார்கள். மேல் லயத்து ரெங்கம்மா ஹட் பேயிலிருந்து வாழைத்தாரோடு வருவாள். கடலுக்கு இரண்டு மகள்களைக் கொடுத்தவள். திரையில் அவளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

"நம்ம வீடு தீக் ஹை தானே கேத்தி?"

"ஒண்ணுமே தெரியல பாருங்க சித்தி. தெரியலன்னா எரியுதுன்னு அர்த்தம்."

"அச்சா, அது போதும். நாம நெனைக்கிறோம்ல, அதான் எரியுது." ரெங்கம்மா சாம்பல் நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போவாள்.

இப்படிச் சில வருடங்கள் போயின. பிறகு கேம்பல் பேயில் ஐயாவு காய்ச்சலில் இறந்தார். அந்த வாரத்துப் படத்தில் நடு லயத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. இருக்க வேண்டியது இல்லாமற்போனால், கழிக்கும்போது அந்த இடம் கறுப்பாகும். அடுத்த பருவத்தில் மேல் லயத்தில் இரண்டு, கீழ் லயத்தில் மூன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் தரையில் ஒரு சாவு இருந்தது. அந்தக் குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியிருந்தவரின் சாவு. நினைப்பவர் போனால் விளக்கும் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜனங்களுக்குப் பயம் வந்தது. ஹட் பேயில், சுனாமிக்குப் பிறகு பிறந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து லயத்து ஆட்களின் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் நன்றாகவே ஒப்பித்தன. ரெங்கம்மா இறந்த வாரத்தில் அவள் வீடும் கறுத்தது.

கேத்தரினுக்கு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பயம் இருந்தது. பென்னியின் முகம் அவளுக்கு இப்போது போட்டோவில் இருக்கும் முகம் மட்டும்தான். குரல் எப்போதோ போய்விட்டது. சிரித்தானா, எதற்குச் சிரிப்பான் என்றுகூடத் தயங்கித்தான் சொல்ல முடியும். நினைப்பதால்தான் எரிகிறதென்றால் அந்த விளக்கைத் தாங்குவது தானல்ல, லூசி என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் லூசியைக் காத்தாள். குளியலறையில் கைப்பிடி வைத்தாள், மீனில் முள் பார்த்தாள், இரண்டு தும்மல் போட்டால் ஆட்டோ கூப்பிட்டாள். "என்னடி இது, வோல்டேஜ் ஸ்டெபிலைசரப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிற" என்று லூசி சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே, எதையும் கேட்காமலே, பென்னி சின்ன வயதில் ரப்பர் விதையை விழுங்கிய கதையைச் சொல்வாள். கேத்தரின் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்டுக்கொள்வாள்.

நட்சத்திரங்கள் அணைகின்றன என்று மெயின்லேண்டில் பரபரப்பாகி, படங்களுக்குப் பொறுப்பான சிவபிரகாஷ் விமானமேறி வந்தார். கேத்தரின் எதையும் மறைக்கவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். லூசி போட்டுக்கொடுத்த டீயைக் குடித்தார். முதல் பருவத்தின் படங்களைத் தாமே அடுக்கிப் பார்த்தார். மூன்று லயங்களும் வந்தன. நம்ப முடியவில்லை என்று அவர் சொல்லவில்லை. விதிப்படி மூடியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"பழைய ஆதார வானத்தை இனி வெச்சுக்க முடியாது கேத்தரின். பருவம் முடிஞ்சதும் இந்த வருஷப் படங்கள வெச்சுப் புதுசா ஒண்ணு செஞ்சிருங்க. பழைய டிஸ்க் எல்லாம் திருப்பி அனுப்பிடுங்க, அழிச்சிட்டு மறுபடி யூஸ் பண்ணணும்."

"புதுசு செஞ்சா கறுப்பும் போயிரும் சார்."

"ஆமா. அதுக்குத்தானே."

"வெளக்கு இருந்துச்சுங்கிறதுக்கு அந்தக் கறுப்பு ஒண்ணுதான் சாட்சி சார். அதுவும் போயிட்டா, அணைஞ்சதே இல்லாமப் போயிரும்."

சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு இடமில்லம்மா," என்றார். "வானம் தினமும் வந்துட்டே இருக்கு."

பருவம் முடியுமுன் லூசிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சில நாள் மூச்சுக்குத் தவித்தாள். கடைசியாகப் பேசியபோது, வீட்டில் கேஸை மூடினாயா என்று கேட்டாள். மூடிவிட்டேன் என்றாள் கேத்தரின். அடக்கம் முடிந்த எட்டாம் நாள் கேம்பல் பேயிலிருந்து டிஸ்க்குகள் வந்தன. வாரம் முழுவதையும் அடுக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. லூசி இறந்த இரவின் படங்களை மட்டும் எடுத்துக் கழித்தாள். கீழ் லயத்தில் கடைசிக்கு முந்திய வீடு கறுத்திருந்தது.

அவள் அழவில்லை. அப்படியானால் தான் நினைத்தது எதுவும் கணக்கில் சேரவில்லை என்ற எண்ணம் வந்தது. ஏசியை அணைத்துவிட்டு வெகுநேரம் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் கறுப்புக்கு அருகில், ஒரு வீட்டு அகலம் தள்ளி, வெள்ளையாக ஒரு புள்ளி நிற்பதைக் கவனித்தாள். இப்படிக் கறுப்பும் வெள்ளையும் ஜோடியாக விழுந்தால் அந்த வெளிச்சம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சிறுகோள்கள் அப்படித்தான் விழும். அடுத்த இரவைத் திறந்தாள். வெள்ளைப் புள்ளி புகைக்கூடத்து இடைவெளியில் இருந்தது. அதற்கடுத்த இரவு, இருட்டாக இருந்த பாதையின் முடிவில், ஜெட்டியில் நின்றது. தீவில் யார் கப்பலில் வந்தாலும் கூட்டிவர ஒரு ஆள் ஜெட்டிக்குப் போவது வழக்கம்; பொழுது சாய்ந்து வரும் கப்பலென்றால் விளக்கோடு போவார்கள். அடுத்த கப்பல் கொண்டுவந்த இரவுகளில் புள்ளி வந்த வழியே திரும்பியது. ஆனால் போனதைப்போல் மூன்று மடங்கு மெதுவாக, புகைக்கூடத்தருகே ஓர் இரவு முழுக்க நின்று, மறுபடி நகர்ந்தது. லூசிக்கு முட்டிவலி. ஏற்றத்தில் அவள் நிற்காமல் நடந்ததே கிடையாது.

கேத்தரின் ஐயாவு இறந்த வாரத்து டிஸ்க்கை எடுத்து ஒவ்வோர் இரவாகப் பிரித்துப் பார்த்தாள். வாரமாக அடுக்கியபோது அழிந்துபோயிருந்தது தனியிரவுகளில் இருந்தது. அவர் வீட்டு விளக்கும் ஜெட்டிக்குப் போய், திரும்பி, ஓரிரவு வீட்டில் எரிந்து, பிறகு அணைந்திருந்தது. ரெங்கம்மாவின் வீட்டிலிருந்து போனது ஒன்றல்ல, சிறிய இரண்டு புள்ளிகள். போகும்போது முன்னும் பின்னுமாக ஓடியிருந்தன, வரும்போது ஒட்டி வந்தன. எல்லோரும் வந்து சேர்ந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்கள். இத்தனை வருடமும் காத்திருந்தது மேலே இருந்தவர்கள்தான்; தரையில் இருந்தவர்கள் நினைத்தார்களா மறந்தார்களா என்று அவர்கள் பார்க்கவேயில்லை.

பருவத்தின் கடைசி இரவுவரை அவள் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூசி போய்ச் சேர்ந்த பிறகும் அந்த விளக்கு அணையவில்லை. பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே எரிந்தது. அந்த இடம் மறுபடி சாம்பலானது.

புதிய ஆதார வானத்தைச் செய்தாள். அதில் கறுத்த வீடுகள் இல்லை. இன்னும் ஆள் வர வேண்டிய வீடுகள் மட்டும் மங்கலாக இருந்தன. கீழ் லயத்தில் ஒன்றே ஒன்று. பழைய டிஸ்க்குகளைத் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, அழிப்பதற்காக அவளே போர்ட் பிளேரில் ஹாடோ ஜெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சிவபிரகாஷ் போனில் கூப்பிட்டார்.

"அந்தக் கீழ் வரிசையில ஒண்ணு தனியா இருக்கே. அதுவும் இப்ப அணையப் போகுதா? அப்படின்னா இப்பவே மூடிடலாம்."

"இல்ல சார். அது அணைய நாளாகும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வீட்டுல இன்னும் ஒரு ஆள் வரல சார்."

"சரி," என்றார். "ஸ்டார்னே போட்டுருங்க."

கேத்தரினுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அந்த மழைக்காலத்தில் அலுவலகம் சொல்லி உடம்பைச் சோதித்துக்கொண்டாள். ரத்தம், சர்க்கரை, இருதயம் எதிலும் ஒரு குறையும் இல்லை, எண்பது வயதுக்குக் கவலையில்லை என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். கேத்தரின் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல் சௌல்தாரிவரை நின்றே வந்தாள். மெயின்லேண்டில் அந்த விளக்குக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அதன் ஒளி எந்த இரவிலும் சிறிதும் கூடாமல் குறையாமல் இருப்பதைக் கண்டு, வானத்தின் அந்தப் பகுதியில் மற்ற நட்சத்திரங்களின் வெளிச்சத்தை இப்போது அதை வைத்துத்தான் அளக்கிறார்கள்.