மேலே ஊற்றிய தண்ணீர்

மதியம் பிடித்த மழையில் தெரு முழங்கால் வரை நிறைந்துவிட்டது. ஆனால் கீழ் வீட்டுக் குளியலறைத் துளையில் பொங்கி வந்தது தெருச் சேறு அல்ல, சோப்பு நுரை.

கீழ் வீட்டில் இருந்த இளையவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மாடியில் இருப்பவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. போன வருஷம் மேலே காயப்போட்ட துணி சொட்டி, கீழே வைத்திருந்த புத்தக அட்டைகள் ஊறிப்போனதில் மூண்ட சண்டை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"வேணும்னே ஊத்தறா" என்று முணுமுணுத்தாள்.

அவள் புத்தகம் கட்டுபவள். பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகங்கள் பசை பூசி, பலகைக்கும் கல்லுக்கும் அடியில் முன்னறைத் தரையில் கிடந்தன. காய்வதற்குள் அசைத்தால் புத்தக முதுகு கோணிவிடும். அசைக்காமல் விட்டால், தண்ணீர் குளியலறைப் படியைத் தாண்டியதும் அத்தனையும் கூழ்.

சாக்கைச் சுருட்டிக் குளியலறைப் படியில் அடைக்கும்போதுதான் பிளம்பர் சொன்னது உறைத்தது. வீட்டுக் குழாய் தெருக் கால்வாயில் சேருமிடத்தில் போன மாதம் அவர் ஒரு தடுப்பு மூடி பொருத்தியிருந்தார்.

"தெருவுல தண்ணி ஏறினா இது தானா மூடிக்கும்மா. ஆனா அப்போ உங்க தண்ணியும் வெளிய போகாது. மாடியில ஒரு வாளி ஊத்தினாலும் கீழதான் பொங்கும். மேல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

அவள் சொல்லவில்லை. அவளிடம் நான் போய் நிற்பதா என்று இருந்துவிட்டாள்.

'கடவுளே, சண்டை போடாம பேச வை' என்று வேண்டிக்கொண்டே படியேறினாள்.

கதவைத் திறந்த மூத்தவளின் கையெல்லாம் ஈரம். உள்ளே கட்டிலில் அவள் கணவர் சுருண்டு கிடந்தார். காலையிலிருந்து ஓயாத வாந்தி; அவள் விரிப்பை மாற்றி மாற்றித் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணி விடாதீங்க. எல்லாம் கீழ ஏறுது." இளையவள் மூடியைப் பற்றிச் சொன்னாள்.

மூத்தவள் சட்டென்று குழாயை நிறுத்தினாள். "ஒரு மாசமா தெரியுமா உனக்கு? வாயில என்ன பூட்டா போட்டிருந்தே?"

"நாமதான் பேசறதில்லையே அக்கா."

"கரிக்கட்டியால சுவத்துலயாவது கிறுக்கிட்டுப் போயிருக்கலாம்ல." பிறகு குரல் தழைந்தது. "இவருக்கு இன்னும் நிக்கல. இதையெல்லாம் நான் எங்க கொட்டுவேன்?"

இளையவள் கட்டிலைப் பார்த்தாள். "பசை கரைக்கிற டிரம் இருக்கு. அதுல ஊத்தி வைங்க. தெருத்தண்ணி வடிஞ்சதும் கொட்டிக்கலாம்."

"அப்புறம் பசைக்கு?"

"தேய்ச்சுக் கழுவினா போச்சு."

இருவருமாக டிரம்மை மாடிக்குத் தூக்கினார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, மூத்தவள் இறங்கி வந்து குளியலறையில் தேங்கியதை மொண்டு வாளிகளில் நிரப்பினாள். தண்ணீர் படிக்கு ஒரு விரல் கீழே நின்றது. புத்தகங்கள் அசையாமல் காய்ந்துகொண்டிருந்தன.

மூத்தவள் மேலே போன சற்று நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஏய், கை கழுவலாமா?"

"கை மட்டும் அக்கா."

"முகம்?"

"டிரம்முக்கு மேல குனிஞ்சு கழுவுங்க."

மேலே நோயாளி சிரிப்பது கேட்டது.