சிட்டுக்குருவியின் பழுப்பு

முப்பத்தேழாவது பறவைக்கு வண்ணம் தீட்டி முடித்த வாரத்தில் மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு உதட்டுச் சிவப்பு போய்விட்டது. இரத்தசோகை என்று கணவர் முடிவுகட்டி, கடையிலிருந்தே இரும்புச்சத்து டானிக் கொண்டுவந்தார். இரண்டு பாட்டில் காலியாயின. உதடு பென்சில் கோடாகவே இருந்தது.

அவர் இருநூறு வருடம் பழைய பறவைப் படங்களைச் சேர்ப்பவர். பழைய புத்தகங்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்பவர்களிடம் வண்ணமில்லாத படங்கள்தான் சுலபமாகக் கிடைக்கும். மனைவிக்குக் கை நடுங்காது என்பதால் கல்யாணமான மறுவருடமே வண்ணம் தீட்டுவது அவள் வேலையாயிற்று. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வாள். "வால் கொஞ்சம் வெளுப்பா இருக்கே" என்று சொல்லி அடுத்த படத்தை நீட்டுவார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்துபோய்விட மாட்டார்; இருபத்தாறு வருடத்தில் சொல்லவில்லை.

உதட்டுக்குப் பிறகு, கூந்தலின் கருமை காக்கைக்குப் போனது. கல்யாணப் புடவையின் பச்சை கிளி ஜோடிக்கு. மேனியின் மாநிறம் பருந்து, காடை, சிட்டுக்குருவி என்று பங்கு பிரிந்தது. கடைசியில் அச்சுத்தாளிலிருந்து இறங்கி வந்தவள்போல வெள்ளையும் கோடுமாக வாசலில் நின்று காய்கறி வாங்கினாள். காய்கறிக்காரர் வழக்கம்போலக் கொசுறு கொடுத்தார்.

படங்களுக்குச் சட்டம் போட வந்தவர்தான் முதலில் கேட்டார்: "என்னக்கா, உங்களையும் ஃப்ரேம் போட்டு மாட்டிடலாமா?" கேட்டுக்கொண்டே சிட்டுக்குருவியின் மேலிருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தார். பழுப்பு துணியில் இறங்கியது. பதறிப்போய்த் துணியைப் பிடுங்கியவளின் விரல்நுனி பழுப்பானது.

"அக்கா, நிறம் திரும்புது!"

மகள் ஓடிவந்து தட்டு நிறையத் தண்ணீர் வைத்தாள். "அப்பா, எல்லாத்தையும் கழுவிடலாம்ப்பா."

"கிளி ஜோடிம்மா. ஒண்ணு போனா இன்னொண்ணும் வீண்."

"காக்கா?"

"அந்த மாதிரி காக்கா இனிமே கிடைக்காது."

"அம்மா மட்டும் கிடைப்பாங்களா?"

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஏற்கெனவே கறைபட்டுப்போன அந்தச் சிட்டுக்குருவியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். அது ஒரு கைக்குத்தான் போதும். அதைத் தட்டுத் தண்ணீரில் கழுவி, மனைவி அந்தத் தண்ணீரில் தன் இடது கையை நனைத்தாள். "வலது கை அவருக்கு வேலை பாக்குற கை. இது எனக்கு இருக்கட்டும்."

அந்த ஒரு சிட்டுக்குருவி நீங்கலாகத் தொகுப்பு நிறைவடைந்தது. பார்க்க வந்தவர்கள் வண்ணங்களை மெச்சி அவருடைய கையைக் குலுக்கினார்கள். மகள்வழிப் பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் பாட்டி தன் இடது கையைத்தான் நெற்றியில் வைப்பாள். குழந்தை அந்தச் சூட்டிலேயே தூங்கிவிடும். அடையாள அட்டைக்கு அவளைப் படமெடுத்தவர், படத்தில் நிறம் வராததைக் கண்டு கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"கேமராவுல ஒண்ணுமில்ல தம்பி. நான்தான் இப்படி."

"சரிம்மா, நேரா பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.