எட்டரை மணி ஆட்டத்துக்கு வந்த இருபத்துமூன்று பேர்

இருபத்துமூன்று பேர். பிலேந்திரன் கையிலிருந்த எண்ணுகருவியை இன்னொரு முறை பார்த்தார். கோல்கம்பத்துக்குப் பின்னால் நாயோடு நின்ற நோர்வேக் கிழவரையும் சேர்த்துத்தான் இருபத்துமூன்று. நாயைச் சேர்க்கவில்லை.

ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. ஒஸ்லோவின் அம்மருட் பகுதி அடுக்குமாடிகளுக்குக் கீழே இரண்டு மைதானங்கள் இருந்தன. மேலே இருந்தது புல் மைதானம். அங்கேதான் ஒலிபெருக்கி, கூடாரம், கொத்துரொட்டி எல்லாம். கீழே இருந்தது அரைத்த கல் பரவிய தரை. விழுந்தவன் முழங்கால் தோலை அங்கேயே விட்டுவிட்டு எழும்ப வேண்டும். அந்தக் கல்லில்தான் ஆலடிமுனை மகாவித்தியாலயத்துப் பழைய மாணவர்கள் பக்கத்து நகரமான திராமனில் இருந்து வந்த அணியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் ஒஸ்லோவில் ஆண்டுதோறும் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அது. மொத்தம் எட்டு அணிகள். அவற்றில் இரண்டு, நகரத்துப் பெரிய கல்லூரிகள். உடுப்பின் நிறத்தை வைத்துச் சிவப்பு, பச்சை என்றே எல்லோரும் சொல்வார்கள். சிவப்பும் பச்சையும் முட்டுகிற ஆட்டம் எப்போதும் பின்னேரம் இரண்டு மணிக்கு, மேல் மைதானத்தில். ஆலடிமுனைக்கு எப்போதும் காலை எட்டரை.

பிலேந்திரன் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பழைய மாணவர் அல்ல. ஒன்பது வயதில் கடலுக்குப் போனவர். எழுத்து அவருக்கு ஒஸ்லோவில்தான் வந்தது, முதலில் நோர்வே எழுத்து, பிறகு மகளின் தமிழ்ப்பள்ளிப் புத்தகத்தில் இருந்து அ, ஆ. அப்போது வயது நாற்பத்திரண்டு. இப்போது ஐம்பத்தொன்று. தீவுகளுக்குப் போகிற பயணிகள் படகுகளைக் கழுவித் துடைப்பது வேலை. படகில் ஏறுகிற ஆட்களை எண்ண வைத்திருந்த பழைய கருவியொன்றைப் படகுக்காரர் எறியப் போக, இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு முறை அமத்தினால் ஓர் எண் ஏறும். அதிலிருந்து சுற்றுப்போட்டிக்கு ஆள் எண்ணுகிறவர் அவர்தான். பிழை விடமாட்டார், எந்தப் பக்கமும் சேராதவர் என்று போட்டியை நடத்தும் சங்கம் அந்த வேலையை அவர் தலையில் கட்டியிருந்தது.

எண்ணியதை அவர் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதுவார். பிந்திப் படித்தவன் சுருக்கி எழுதப் பயப்படுவான். எதை விட்டால் எது கெடுமோ என்று எல்லாவற்றையும் எழுதுவான். தேதி, மைதானம், மணி, யாருக்கு எதிராக யார், வந்த சனம், மழையா வெயிலா. எல்லாம் பெரிய பெரிய எழுத்தில்.

இடைவேளையில் ஆலடிமுனை அணித்தலைவன் இரவீந்திரன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான். பஸ் ஓட்டுகிறவன், வயது முப்பத்தெட்டு, வயிறு கொஞ்சம் முன்னுக்கு.

"எத்தினை, அண்ணை?"

"இருவத்திமூண்டு."

"போன வருசம்?"

"இருவத்தாறு."

இரவீந்திரன் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினான். "அடுத்த வருசம் கிரவுண்ட் ஒரு நாளைக்குத்தான் குடுப்பாங்களாம். எட்டு டீமை ஆறாக்கப் போகினம். சனம் குறைஞ்ச ரெண்டையும் வெட்டுறதாம். செயலாளர் ஆனந்தராஜா சொல்லிப்போட்டார்."

"எனக்கும் சொன்னவர்."

"அண்ணை." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தச் சாமானை ஒரு இருநூறு தரம் அமத்திவிடுங்கோவன். ஆர் கண்டது?"

பிலேந்திரனுக்குக் கட்டைவிரல் அரித்தது என்னவோ உண்மை. அமத்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வராத ஆளை நான் எப்பிடி எண்ணுறது, தம்பி?"

"அப்ப எங்களை வெட்டுற கத்தி உங்கடை கையிலைதான் இருக்கு. நல்லா வைச்சிருங்கோ." இரவீந்திரன் போத்தலைக் கல்லில் எறிந்துவிட்டுப் போனான்.

பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் மைதானத்தில் சிவப்பும் பச்சையும் மோதியபோது முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர். பிலேந்திரன் அதையும் எழுதினார். கொத்துரொட்டித் தட்டோடு நின்ற சனம், பிள்ளைத் தள்ளுவண்டியோடு நின்ற சனம், பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே பாராமல் சீலை பார்த்த சனம், எல்லாம் சிவப்புக்குக் கணக்கு. இதே சனம் காலையில் நித்திரையில் கிடந்தது. அது ஆலடிமுனையின் குற்றமாம். வீட்டுக்குப் போயும் அவர் அதையே சொல்லிச் சொல்லி ஏசினார்.

வீட்டில் மனைவி மக்டலீன் சோறு போட்டபடி கேட்டாள். "உங்களுக்கென்ன, அது உங்கடை பள்ளிக்கூடமே? அந்த மதில் பக்கம் ஒதுங்கினதைத் தவிர என்ன செய்தனீங்கள்?"

"அவங்கள் விளையாடுறதைப் பற்றியே நான் கதைக்கிறன்? நான் எண்ணினதைக் கொண்டுபோய் அவங்கடை கழுத்திலை வைக்கினம். அது என்ரை எண்ணிக்கை."

"அப்ப இஞ்சை என்னோடை கத்தாமல் அங்கை போய்ச் சொல்லுங்கோ."

"அங்கை எல்லாரும் படிச்ச ஆக்கள்."

"நீங்களும் இப்ப படிச்ச ஆள்தானே. கொப்பியும் பேனையுமாத் திரியிறியள்," என்று சொல்லி மக்டலீன் இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, மதியத்துக்குப் பிறகு பொதுக்கூட்டம். அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தள மண்டபத்தில் ஐம்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். பிலேந்திரன் வாசலிலேயே எண்ணிவிட்டார், பழக்கதோசம். செயலாளர் ஆனந்தராஜா கதிரைகளில் அறிக்கைப் பிரதி வைத்திருந்தார். பொறியியலாளர், சிவப்புக் கல்லூரிக்காரர், ஆட்ட அட்டவணை போடுகிறவரும் அவரே. அறிக்கையில் இரண்டாண்டு எண்ணிக்கை மட்டும் அச்சடித்திருந்தது. சிவப்பு 405, 398. ஆலடிமுனை 26, 23. திராமனுக்கும் அதே 26, 23. கீழே ஒரு வரி: பார்வையாளர் ஆதரவு இல்லாத இரு அணிகளையும் அடுத்த ஆண்டு முதல் நீக்குவது.

பிலேந்திரன் அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். மணி இல்லை. மைதானம் இல்லை. யாருக்கு எதிராக என்பது இல்லை. 2004ஆம் ஆண்டே இல்லை. மூன்று வருடமாகக் குளிரிலும் வெயிலிலும் நின்று அவர் எழுதியதில் எலும்பை எடுத்துக்கொண்டு சதையை எறிந்திருந்தார்கள்.

"கணக்கு கண்ணுக்கு முன்னாலை இருக்கு," என்றார் ஆனந்தராஜா. "நாங்கள் ஒருத்தரையும் ஒதுக்கேல்லை. சனந்தான் ஒதுக்கியிருக்கு. வாக்கெடுப்புக்குப் போவமே?"

பிலேந்திரன் எழும்பினார்.

"எண்ணினது நான். எனக்கு ஒரு கதை இருக்கு."

"சொல்லும், பிலேந்திரன். கெதியாச் சொல்லும். ஸ்தவாங்கர் ஆக்களுக்கு ரெயில் இருக்கு."

பிலேந்திரன் கொப்பியை விரித்தார். முன்பின் சபையில் வாசித்தவர் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துத்தான் வாசித்தார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.

"ரெண்டாயிரத்து நாலு. ஓகஸ்ட். சனிக்கிழமை. மேல் மைதானம். பின்னேரம் ரெண்டு மணி. பச்சை ஆக்களின்ரை வான் ஸ்தவாங்கரிலை இருந்து வரப் பிந்தினபடியாலை, சிவப்புக்கு எதிரா ஆலடிமுனை. வந்த சனம், நானூற்றிப் பன்னிரண்டு."

பிலேந்திரன் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"அடுத்த நாள். ஞாயிற்றுக்கிழமை. கீழ் மைதானம். காலமை எட்டரை. பிந்தி வந்த பச்சை, திராமனுக்கு எதிரா. நல்ல வெய்யில். வந்த சனம், முப்பத்தொண்டு."

"பச்சைக்கு முப்பத்தொண்டோ?" என்று யாரோ சிரித்தார்கள். பச்சைக்காரர் பக்கம் கதிரைகள் கிரீச்சிட்டன.

"அது ஒரு விசேச வருசம்," என்றார் ஆனந்தராஜா. "எல்லாம் மாறிப்போச்சு. அதாலைதான் சேர்க்கேல்லை."

"மாறினபடியாத்தானே உண்மை தெரிஞ்சது? ஆலடிமுனையை ரெண்டு மணிக்குச் சிவப்போடை விட்டால் நானூறு. பச்சையை எட்டரைக்குத் திராமனோடை விட்டால் முப்பது. அப்ப சனம் ஆரைப் பாத்து வருகுது? நீங்கள் போடுற மணியையும் நீங்கள் போடுற எதிராளியையும் பாத்து வருகுது. எட்டரைக்குப் போட்டதும் நீங்கள். வரேல்லை எண்டு வெட்டுறதும் நீங்கள். இது என்ன நியாயம்?"

"நீர் எந்தக் கல்லூரி, பிலேந்திரன்?" முன்வரிசையில் இருந்து மகேந்திரராசா கேட்டார். கழுத்தில் சிவப்பு ரை கட்டிக்கொண்டு வருடம் தவறாமல் ஸ்தவாங்கரில் இருந்து வருகிற பெரியவர். "கல்லூரிகளுக்கு இடையிலை ஒரு பாரம்பரியம் இருக்கு, காணும். அது வெளியாலை நிக்கிற ஆக்களுக்கு விளங்காது."

"நான் ஒரு கல்லூரியும் இல்லை, ஐயா. எண்ணத் தெரிஞ்ச ஆள். அவ்வளவுதான்."

இரவீந்திரன் சுவரோரத்தில் இருந்து கத்தினான். "அப்ப இப்பிடிச் செய்வம். அடுத்த வருசம் சிவப்பு காலமை எட்டரைக்குத் திராமனோடை கீழை விளையாடட்டும். ரெண்டு மணிக்கு நாங்கள் பச்சையோடை மேலை!"

மகேந்திரராசா துள்ளி எழும்பினார். ரை ஒரு பக்கம் போயிற்று. "விசர்க் கதை கதையாதையும்! எட்டரைக்கு, அந்தக் கல்லுக் கிரவுண்டிலை, திராமனோடை? ஆர் காணும் பாக்க வருவினம்?"

மகேந்திரராசா தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவர்போல மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார்.

"அதைத்தான் ஐயா நான் எழுதி வைச்சிருக்கிறன்," என்றார் பிலேந்திரன்.

சிரிப்பு மண்டபத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை போனது. ஆனந்தராஜா மேசையில் தட்டினார்.

"சரி, சரி. பிலேந்திரன் குறிப்பெடுத்ததிலை அந்த விபரங்கள் தெளிவில்லாமல் இருந்தது. அதாலை அறிக்கையிலை வரேல்லை. வாக்கெடுப்புக்குப்..."

"தெளிவாத்தான் இருந்தது." சொன்னவள் கம்சாயினி. அறிக்கையைக் கணினியில் அடித்தவள், இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். "மாமாவின்ரை எழுத்து என்ரை எழுத்தைவிட வடிவு. நான் எல்லாத்தையும் ரப்போர்ட்டிலை போட்டனான், ஆனந்தராஜா அங்கிள். 'மணி வேண்டாம், எதிரணி வேண்டாம், ரெண்டாயிரத்து நாலு வேண்டாம், பக்கம் நீளுது' எண்டு நீங்கள்தானே எடுக்கச் சொன்னீங்கள்?"

ஆனந்தராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

பிலேந்திரன் தன் கொப்பியைப் பார்த்தார். தெளிவில்லையாம். குளோரின் தின்ற விரலால், எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதியது தெளிவில்லையாம்!

"இதை வைச்சு ஒருத்தரும் கை தூக்கக்கூடாது," என்றார். "என்ரை எண்ணிக்கையைப் பாவிக்கிறதெண்டால் முழுசாப் பாவியுங்கோ."

"திருத்தி அடிக்க பிரிண்டர் வீட்டிலை கிடக்கு, மாமா," என்றாள் கம்சாயினி. "நாளைக்குத் தரலாம்."

"கூட்டத்தைத் தள்ள ஏலாது," என்றார் ஆனந்தராஜா. "முடிவு இண்டைக்கு."

"அப்ப இண்டைக்கே திருத்துவம். பிரதியளைக் கொண்டாங்கோ."

ஆனந்தராஜா சுற்றிப் பார்த்தார். பச்சைக்காரர் ஒருவர் முதலில் தன் பிரதியை நீட்டினார். முப்பத்தொன்று சபையில் வாசிக்கப்பட்ட பிறகு அவருக்கும் எட்டரை மணி ஆட்டம் பற்றி ஒரு கருத்து வந்துவிட்டது. பிறகு பின்வரிசை. பிறகு எல்லோரும்.

பிலேந்திரன் மேசையடியில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். ஆலடிமுனைக்குப் பக்கத்தில்: காலை 8.30, கீழ் மைதானம், எதிர் திராமன். சிவப்புக்குப் பக்கத்தில்: பின்னேரம் 2.00, மேல் மைதானம், எதிர் பச்சை. அடியில் 2004ஆம் ஆண்டின் இரண்டு வரிகள். பத்துப் பிரதி முடியவே விரல் விறைத்துவிட்டது.

இரவீந்திரன் பக்கத்தில் வந்து குந்தினான். "தாங்கோ, அண்ணை, பாதியை நான் எழுதிறன்."

"வேண்டாம். எண்ணினது நான்."

"அண்டைக்குக் கத்தி எண்டு சொன்னனான். மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

"வைச்சிருக்கிறன்தான். பிளேன்ரீ ஒண்டு எடுத்துக்கொண்டு வா."

முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனது. சிலர் வெளியே போய்ச் சிகரெட் புகைத்துவிட்டு வந்தார்கள். ஸ்தவாங்கர் ஆட்கள் மணியைப் பார்த்துப் பார்த்து இருந்தார்கள். ஆனாலும் எழும்பிப் போகவில்லை. போனால் ஒரு வாக்குக் குறையும் என்று இரு பக்கமும் பயம். கடைசிப் பிரதி ஆனந்தராஜாவுடையது. அதில் மட்டும் பிலேந்திரன் எழுத்தை இன்னும் பெரிதாக எழுதினார்.

"இப்ப எடுங்கோ வாக்கு," என்று சொல்லிக் கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

ஆலடிமுனையையும் திராமனையும் நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். பிலேந்திரன் வரிசை வரிசையாக நடந்து அமத்தினார். பதினான்கு. முன்வரிசைக்கு வந்தார். மகேந்திரராசாவின் கை மேலே இருந்தது, பதினைந்து. மேசைக்குப் பின்னால் ஆனந்தராஜாவின் கை தோளுக்குக் கொஞ்சம் மேலே, தலை சொறிகிறதா தூக்குகிறதா என்று தெரியாமல் நின்றது.

பிலேந்திரன் அவர் முன்னால் போய் நின்றார். கட்டைவிரல் பொத்தானில் இருந்தது.

"பாதிக் கைக்கு அமத்திறேல்லை, செயலாளர். ஒண்டில் மேலை தூக்குங்கோ, இல்லாட்டி இறக்குங்கோ."

ஆனந்தராஜா ஐம்பத்தாறு பேரின் முகத்தையும் பார்த்தார். பிறகு கையை இறக்கி அறிக்கைக்கு மேல் வைத்தார்.

"பதினைஞ்சு," என்று பிலேந்திரன் சபைக்குச் சொன்னார். வேண்டாம் என்றவர்களின் கைகளையும் எண்ணினார். முப்பத்தொன்பது. எட்டு அணியும் இருக்கும், ஒரு நாளுக்குள் முடிய ஆட்டத்தின் நேரத்தைக் குறைப்பது என்று எழுதிக்கொண்டார்கள்.

"எண்டாலும் எட்டரைக்கு ஆரோ ஒருத்தர் விளையாடத்தானே வேணும்?" என்று மகேந்திரராசா எரிச்சலோடு கேட்டார்.

"சீட்டுக் குலுக்குங்கோ, ஐயா," என்றார் பிலேந்திரன். "ஆரின்ரை பேர் வந்தாலும் நான் எட்டு மணிக்கே அங்கை நிப்பன்."

பிறகு கொப்பியை விரித்து எழுதினார். ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தள மண்டபம். பின்னேரம் நாலே முக்கால். நீக்க வேண்டும் என்றவர்களுக்கு எதிராக, வேண்டாம் என்றவர்கள். பதினைந்து, முப்பத்தொன்பது. கை தூக்காமல் விட்டவர் இருவர், இறக்கியவர் ஒருவர். வெளியே மழை.