காலிப் பையின் முடிச்சு

குழாயைத் திறந்ததும் பீர் வரவில்லை. இரண்டு முறை செருமி, நுரையும் பச்சைத் தூளுமாக டுவைட்டின் கோப்பைக்குள் துப்பிவிட்டு அடைத்துக்கொண்டது.

"பீர்தானே கேட்டேன்? கீரைச்சாறு ஊத்துற," என்றார் டுவைட். பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருஷமாக, ஓரின் வீட்டிலேயே காய்ச்சும் பீரைக் குறை சொல்லிக்கொண்டே குடிப்பவர்.

என் கணவர் ஓரின் சிரிக்கவில்லை. "மூணு நாளா எங்க வீட்டுச் சாவி உன்கிட்டதான இருந்துச்சு?"

"பூனைக்குத் தீனி போடச் சொல்லி நீதான குடுத்த."

"பீப்பாயத் தொறந்தியா?"

"நான் எதுக்குடா தொறக்கறேன்?"

ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ விளையும் எங்கள் யாக்கிமாவில், அது மணக்காத பீரை யாரும் பீர் என்று ஒப்புக்கொள்வதில்லை. புளித்து முடிந்த பீரிலும் வாசனைக்காக மறுபடி ஹாப்ஸ் போடுவோம். அரைத்து உருண்டையாக்கிய ஹாப்ஸை ஓரின் அப்படியே கொட்டமாட்டார். துணிப்பையில் போட்டு, அமிழ்வதற்கு என் சமையலறை ஸ்பூன் ஒன்றையும் போட்டு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் வாயைக் கட்டி, பீப்பாய்க்குள் தொங்கவிடுவார். போன திங்கட்கிழமையும் அப்படித்தான் செய்தார் என்று நினைத்திருந்தேன். மறுநாள் மகள் வீட்டுக்குப் போய், நேற்றுத்தான் திரும்பினோம்.

ஓரின் பீப்பாயில் அடைந்திருந்த வாயுவை வெளியேற்றி மூடியைத் திறந்தார். நூலைப் பிடித்து இழுத்தார். பை வந்தது. துணி கிழியவில்லை, முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஸ்பூன் மட்டும் இருந்தது. ஹாப்ஸ் முழுதும் பீப்பாயின் அடியில் சேறாகக் கிடந்தது. பீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் அதில் புதைந்திருந்தது.

"ஹாப்ஸக் கொட்டிட்டு, காலிப் பையத் திரும்பக் கட்டித் தொங்கவிட்டிருக்க. இதுல என்னடா வேடிக்க உனக்கு?"

"எனக்கு என் ஷூ லேசயே கட்ட முடியல, ஓரின். இதுல உன் பைய வேற கட்டறேனா?"

"பொய் சொல்லாத."

டுவைட் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி உள்ளே செருகியிருந்தது. டிரவுட் மீனுக்குப் போகும்போது தூண்டிலில் ஓரின் போடுகிற முடிச்சு.

டுவைட் எங்கள் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் ஆணி வாங்கப் போன ஓரின், திரும்பும் வழி தெரியாமல் காருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா நானே டாக்டர்கிட்ட வர்றேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சே வேணாம்." டாக்டர் முதலில் கார் சாவியைத்தான் கேட்பார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்," என்றார் இப்போது.

"அந்த முடிச்ச யார் போட்டது, ஓரின்?"

"அவன்தான். வேற யாரு?"

இன்னொரு பையையும் ஒரு முழம் நூலையும் அவர் முன்னால் வைத்தேன். "இதக் கட்டு."

"எதுக்கு?"

"கட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் கட்டி முடித்தன. இரண்டு பைகளையும் அருகருகே வைத்தேன்.

ஓரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"ஹாப்ஸ எடை போட்டது ஞாபகம் இருக்கு, லோர்னா. மூடி போட்டது ஞாபகம் இருக்கு. நடுவுல..." கையை விரித்தார். நூல் துண்டு ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை நான் எடுத்துவிட்டேன்.

"டாக்டருக்கு நாள் கேளு."

"இன்னிக்குச் சனிக்கிழம. திங்கட்கிழமதான் அங்க போன எடுப்பாங்க."

"அப்ப இப்ப டுவைட்டுக்குப் போன் போடு."

"அவர் கோபம் கொஞ்சம் ஆறட்டுமே. சாயங்காலம் பேசிக்கலாம்."

"சாயங்காலம் வேணாம்," என்றார். "மறக்கறதுக்குள்ள சொல்லிடணும்."

எண்ணை அழுத்திக் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது எங்கள் காதிலேயே விழுந்தது. டுவைட் எடுக்கவில்லை. மணி நின்றதும் ஓரின் போனை என் பக்கம் நீட்டினார்.

"மறுபடி போடு."